டிக் விழாத வரிகள்

பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுக்காமல் கம்ப்யூட்டரிலேயே டிக் அடித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார் எங்கள் அடுக்ககத்தின் பொருளாளர். பருத்திப்பட்டில் பதினாறு வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. சார் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், அதாவது ஊரே சொல்கிற ஹெச்.வி.எஃப்.பில், ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விஜயந்தா டாங்கி தயாரான காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். காலையில் ஏரிப் பூங்காவில் நடை, அது முடிந்ததும் ஆவடி–பூந்தமல்லி சாலையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ. கேள்வி அந்த டீயோடு வந்தது.

அவர் பார்ப்பது இரண்டு கணக்கு. ஒன்று சங்கத்தின் மெயின்டெனன்ஸ் கணக்கு, இன்னொன்று அவருடைய பென்ஷன் கணக்கு. மாதம் பிறந்தால் இரண்டையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் டிக் அடிப்பார். முன்பெல்லாம் ஒரு மாதத்துக்கு இரண்டு பக்கம் வரும். கீரைக்கும் பாலுக்கும்கூட யூ.பி.ஐ. என்று ஆனபிறகு பென்ஷன் கணக்கு மட்டுமே பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் ஓடுகிறது.

"பேப்பர் காசு பெருசில்ல தம்பி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பையன் லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்கான், அதுல பெருசு பண்ணிப் பாக்கலாம். ஆனா எந்த வரியப் பாத்தேன், எதை விட்டேன்னு தெரியமாட்டேங்குது. ஸ்கிரீன்ல பென்சில் வைக்க முடியாதே."

முடியும் என்பதுதான் பதில். ஆனால் அதற்குள் போகும் முன் ஜெராக்ஸ் கடையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸ்டேட்மென்ட்டை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாராம். பாஸ்வேர்டைக் கடையில் நின்று வாயால் சொல்வாராம். பல வங்கிகள் அந்தப் பாஸ்வேர்டைப் பிறந்த தேதியையும் மொபைல் எண்ணின் சில இலக்கங்களையும் கோத்துத்தான் அமைத்திருக்கின்றன. கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் தெருவில் பாதிப் பேருடைய ஆதாரும் சம்பளச் சீட்டும் ஸ்டேட்மென்ட்டும் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அழிக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். காகிதத்தை விடுவதற்கு மரத்தை வெட்டுகிறோமே என்கிற காரணத்தைவிட எனக்கு இதுதான் பெரிய காரணம்.

இனி விஷயம். எளிய வழியிலிருந்து தொடங்கலாம்.

வங்கி அனுப்பும் பி.டி.எஃப். கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேலேயே குறி போடலாம். விண்டோஸ் லேப்டாப்பில் எட்ஜ் பிரவுசரில் திறந்தாலே மஞ்சள் பூச ஒரு பேனா இருக்கிறது. அடோபி ரீடரிலும் உண்டு. சரிபார்த்த வரியில் மஞ்சள் பூசி, சேவ் செய்து மூடினால், நாளை திறக்கும்போதும் மஞ்சள் அங்கேயே இருக்கும். சில வங்கிகள் கோப்பில் எதையும் எழுத முடியாதபடி பூட்டி அனுப்பும். பேனா வேலை செய்யாது. அப்போது பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' என்பதைத் தேர்ந்தால் காகிதம் வராது, பூட்டில்லாத ஒரு நகல் கோப்பு வரும். அதில் பூசலாம். பூட்டு போன நகல் என்பதால் அதைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. வங்கி அனுப்பிய மூலக் கோப்பில் கைவைக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். அதில் வங்கியின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் நாம் பூசிய பிறகு கோப்பு மாறியிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மாதம் இருபது, முப்பது வரி வருகிற கணக்குக்கு இது போதும். சாரின் மனைவி பெயரில் உள்ள கணக்குக்கு இதையே சொன்னேன். ஆனால் மஞ்சள் பூச்சு பென்சில் டிக்கைவிட ஒரு படிகூட மேலே இல்லை. பத்துப் பக்கத்தில் பூசாமல் விட்டது நாலு வரி என்றால் அந்த நாலைத் தேடிப் பத்துப் பக்கத்தையும் மறுபடி உருட்ட வேண்டும். நமக்கு வேண்டியதோ அந்த நாலு வரிதான். டிக் விழுந்த வரியில் செய்ய ஒன்றுமில்லை, அதோடு தீர்ந்தது. நோட்டில் இருந்து பேங்கில் இல்லாதது, பேங்கில் இருந்து நோட்டில் இல்லாதது: இந்த இரண்டையும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவரத்தான் இத்தனை டிக்கும். காகிதத்தால் முடியாத ஒன்றைக் கம்ப்யூட்டர் இந்த இடத்தில்தான் செய்கிறது. டிக் விழுந்ததையெல்லாம் மறைத்துவிட்டு விழாததை மட்டும் காட்டு என்றால் காட்டிவிடும்.

"பின் கார்டு மாதிரி" என்றார் சார். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பொருளின் தட்டிலும் ஒரு அட்டை தொங்கும். வந்தது, போனது, மீதி என்று எழுதிக்கொண்டே வருவார்கள். லெட்ஜர் வேறொரு மேஜையில் இருக்கும். வருடாந்தரச் சரிபார்ப்பில் அட்டையும் லெட்ஜரும் தரையில் எண்ணிய இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பொருள்களுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போடுவார்களாம். "அந்தப் பட்டியலத்தான் ஆபீசர் கேப்பாரு. ஒத்துப்போனத ஒருத்தனும் கேக்கமாட்டான்." நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது டீ வந்தது. எக்செல்லுக்குப் போனோம்.

நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட்டை இறக்கும்போது எந்த வடிவில் வேண்டும் என்று கேட்கும். பி.டி.எஃப்.பும் எக்செல்லும் இருக்கும். பெரும்பாலானவர்கள் பழக்கத்தில் பி.டி.எஃப்.பைத் தொடுகிறார்கள், எக்செல்லைத் தொட வேண்டும். லேப்டாப்பில் எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், அதில் எல்லாம் இருக்கிறது. பி.டி.எஃப்.பை எக்செல்லாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இலவச இணையதளங்களில் மட்டும் ஸ்டேட்மென்ட்டை ஏற்றக்கூடாது. ஜெராக்ஸ் கடைக்காரரையாவது முகம் தெரியும்.

கோப்பைத் திறந்ததும் டிக் அடிக்க ஆரம்பித்துவிடக் கூடாது. முதலில் கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் பொறுமை போனால் பின்னால் மணிக்கணக்கில் மண்டை காயும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. கம்ப்யூட்டரின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/04 என்பதை ஏப்ரல் 5 என்று எடுக்காது, மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 12-ஆம் தேதிக்கு மேல் மாதமாக எடுக்க வழியில்லாததால் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஒரே மாதத்தில் பாதித் தேதிகள் வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். அப்படி நின்றால் தேதி கெட்டிருக்கிறது என்று அர்த்தம். கோப்பை மறுபடி திறந்து, நாள்–மாதம்–வருடம் என்று சொல்லித் திறக்க வேண்டும். தொகையிலும் இதே கதைதான். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தொகை நமக்கு எண், எக்செல்லுக்கு எழுத்து. கூட்டச் சொன்னால் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டுக் கூட்டும். அடுத்து யூ.பி.ஐ. பரிவர்த்தனை எண். அது 12 இலக்கம். அதைத் தனி நெடுவரிசையில் எண்ணாக வைத்தால் எக்செல் அதைச் சுருக்கி 'நாலு புள்ளி ஏதோ, ஈ பிளஸ் பதினொன்று' என்று காட்டும். அது காட்டும் விதம் மட்டும்தான், எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் 15 இலக்கத்துக்கு மேல் போகிற எண்ணென்றால் எக்செல் மீதி இலக்கங்களை நிஜமாகவே சைபராக்கிவிடும். அதனால் பரிவர்த்தனை எண், செக் எண் இருக்கிற நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது இருப்பு. ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் வங்கி ஒரு பேலன்ஸ் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் நாமே அதைப் போட வேண்டும்: மேல் வரியின் இருப்பில் இந்த வரியின் பற்றைக் கழித்து வரவைக் கூட்டு. ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் கடைசி வரி வரை இறங்கிவிடும். நம் இருப்பும் வங்கி இருப்பும் கடைசி வரை ஒன்றாகவே போனால் ஒரு வரியும் தொலையவில்லை, ஒரு வரியும் இரட்டிக்கவில்லை. எந்த வரியில் பிரிகிறதோ, கோளாறு அந்த வரியில் இருக்கிறது, பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவர்களுக்குப் பக்கம் முடிகிற இடத்தில்தான் ஒரு வரி விழுந்துபோயிருக்கும். சில வங்கிகள் கடைசித் தேதியை மேலே வைத்துத் தலைகீழாகத் தரும். அப்போது முதலில் தேதிவாரியாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். வங்கியின் கூட்டல் தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுச் செய்யும் வேலையில்லை இது. நம் கையிலிருக்கும் கோப்பு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

இப்போது டிக்.

டிக் அடிக்காதீர்கள், எண் போடுங்கள் என்றேன். சாருக்கு முகம் மாறிவிட்டது.

விங்டிங்ஸ் 2 என்று ஓர் எழுத்துரு உண்டு. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'பி'யை அடித்தால் அழகான டிக் விழும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் டிக்குக்கு 'பார்த்தாயிற்று' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எதோடு ஒத்துப் பார்த்தோம் என்பது மனசில் இருக்கும், பத்து நாளில் போய்விடும். சங்கத்தின் நோட்டில் ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு வரிசை எண் இருக்கிறது. வாட்ச்மேன் சம்பளம் 41, தண்ணீர் லாரி 42, லிஃப்ட் சர்வீஸ் 43 என்று. ஸ்டேட்மென்ட்டில் ஒத்த வரிக்குப் பக்கத்தில் அந்த 42-ஐ எழுத வேண்டும். நோட்டு எக்செல்லில் இருந்தால் அங்கே ஸ்டேட்மென்ட்டின் வரி எண்ணை எழுத வேண்டும். விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு இட அம்புக்குறி, வல அம்புக்குறியைத் தட்டினால் இரண்டு ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்தப் பக்கம் நோட்டு, அந்தப் பக்கம் பேங்க்.

எண் போடுவதில் இன்னொரு லாபம். தண்ணீர் லாரிக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை 1,800 கொடுத்திருந்தால், பென்சில் வைத்திருப்பவர் நோட்டின் ஒரு 1,800-ஐயே இரண்டு முறை டிக் அடித்துவிட்டுப் போய்விடலாம். எண் முறையில் 42 இரண்டு இடத்தில் விழும். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் சிவப்பாக்கு என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ஒருமுறை சொல்லி வைத்தால், இரண்டாவது 42-ஐ எழுதி முடிக்கும்போதே கட்டம் சிவக்கும். ஆடிட்டர்கள் பச்சை இங்க்கில் விதவிதமான குறி போட்டு, எந்தக் குறி எதற்கு என்று கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார்களே, அதன் நோக்கமும் இதுதான்.

"நாங்க ரெண்டு பேரா செய்வோம். வீட்ல படிப்பாங்க, நான் டிக் போடுவேன்" என்றார் சார். ஐநூறு வருடத்துப் பழைய முறை அது. 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் புத்தகம், இரட்டைப் பதிவுக் கணக்கை முதன்முதலாக அச்சில் விளக்கியது, இதையேதான் சொல்கிறது: ஒருவர் நாள்வழியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க, இன்னொருவர் பேரேட்டில் தேடிப் புள்ளி வைக்க வேண்டும். படிக்க ஆள் இருந்தால் கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்யலாம். அம்மா படிக்கட்டும், நீங்கள் எண் போடுங்கள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே ஒத்துப் பார்த்துவிடாதா என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு இளைஞர் கேட்டார். பார்க்கும். எக்செல்லின் வீ-லுக்கப்புக்குப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்தால் ஒழுங்காகத் தேடும். தொகையைக் கொடுத்தால் முதலில் கண்ணில் பட்ட வரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லும். எங்கள் குடியிருப்பில் மெயின்டெனன்ஸ் எல்லாருக்கும் 2,000. ஐந்தாம் தேதி ஏழு பேர் 2,000 போடுவார்கள். ஏழுக்கும் முதல் ஆளின் பெயரே வந்து நிற்கும். எனவே பரிவர்த்தனை எண்ணுக்கு யந்திரம், தொகைக்குக் கண். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் டேலி வைத்திருக்கும் அக்கவுன்டன்ட்களும் பேங்க் தேதியை வரிவரியாகப் பார்த்துத்தான் போடுகிறார்கள். க்னூகேஷ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டின் கடைசி இருப்பைக் கொடுத்துவிட்டு டிக் செய்துகொண்டே போனால் கீழே வித்தியாசம் குறைந்து குறைந்து சைபருக்கு வரும். நன்றாக இருக்கும். ஆனால் எழுபது வயதில் புது மென்பொருளைவிட, தெரிந்த கட்டங்களே போதும் என்பது என் கருத்து.

எண் போட்டு முடித்தபின் அந்த நெடுவரிசையில் ஃபில்டர் வைத்து, காலியானதை மட்டும் காட்டச் சொன்னால் மீதி வரிகள் நிற்கும். அன்று பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்துச் சங்கக் கணக்கை இப்படி வடிகட்டினோம். நோட்டுப்படி இருப்பு 52,635. பேங்க்படி 57,417.30. வித்தியாசம் 4,782.30. வடிகட்டியதில் பேங்க் பக்கம் இரண்டு வரி, நோட்டுப் பக்கம் ஒரு வரி. பேங்க் பக்கம்: ஒரு 17.70 பற்று, யார் போட்டார்கள் என்று தெரியாத ஒரு 2,000 வரவு. நோட்டுப் பக்கம்: செப்டிக் டேங்க் லாரிக்காரருக்குக் கொடுத்த 2,800 செக், அவர் இன்னும் பேங்கில் போடவில்லை. நோட்டு இருப்போடு 2,800-ஐயும் 2,000-ஐயும் கூட்டி 17.70-ஐக் கழித்தால் 57,417.30. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

மூன்று வரியும் வித்தியாசத்தை முழுசாக விழுங்கியதால் வேலை அத்தோடு நின்றது. எப்போதும் அப்படி நிற்காது. விளங்காத வித்தியாசம் மிஞ்சினால் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு உண்டு. மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 1,480-ஐ 1,840 என்று எழுதினால் வித்தியாசம் 360. வித்தியாசத்தின் சரிபாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்கலாம். செலவை வரவில் எழுதியிருந்தால் அப்படித்தான் காட்டும்.

அந்த 17.70 சாரை உறுத்தியது. "இது யாருக்குக் குடுத்தோம்?" இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. விளங்காத சில்லறைத் தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 17.70-ஐ வகுத்தால் 15. 236-ஐ வகுத்தால் 200. 27.14-ஐ வகுத்தால் 23. இப்படி முழு எண் விழுந்தால் அது அநேகமாக வங்கிக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். பதினைந்து ரூபாய் என்பது பல வங்கிகளில் மூன்று மாத எஸ்.எம்.எஸ். கட்டணம், 200 டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணமாக இருக்கும், 23 என்பது இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏ.டி.எம்.மில் எடுத்ததற்கு 2025 மே 1 முதல் உள்ள உச்சக் கட்டணம். சார் போன் கால்குலேட்டரை எடுத்து அவருடைய பென்ஷன் ஸ்டேட்மென்ட்டில் இருந்த சில்லறைகளையெல்லாம் வகுக்க ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு 20 ரூபாய் வகுபடவில்லை. மே மாதக் கடைசி வாரத்துப் பற்று அது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருடா வருடம் அந்த வாரத்தில்தான் பிடிப்பார்கள். 2022 வரை 12 ரூபாயாக இருந்தது. 70 வயது வரை உள்ளவர்களுக்கான திட்டம். சாருக்கு எழுபது கடந்துவிட்டதே, எப்படிப் பிடித்தார்கள் என்று கிளையில் கேட்கச் சொன்னேன். இருபது ரூபாய்க்காக இல்லை; காப்பு இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா.

பென்ஷன் கணக்கில் வரவுப் பக்கம் வரிகள் குறைவு. தொகை மாறவேண்டிய மாதத்தில் மாறியதா என்றுதான் பார்க்க வேண்டும். அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்ந்து, அறிவிப்பு பின்னால் வந்து, நிலுவை மொத்தமாக விழும். கம்யூட்டேஷன் பிடித்தம் 15 வருடத்தோடு நிற்க வேண்டும். 80 வயதில் கூடுதல் பென்ஷன் தொடங்க வேண்டும். மார்ச் மாதப் பென்ஷன் ஏப்ரல் முதல் வேலைநாளில்தான் வரும். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஸ்டேட்மென்ட் எடுத்துக் கூட்டினால் பழைய மார்ச்சிலிருந்து இந்தப் பிப்ரவரி வரையான பன்னிரண்டு மாதம்தான் இருக்கும். வருமான வரிக்குக் கூட்டும்போது பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

பணம் எடுக்கப் போய் யந்திரம் பணம் தராமல், கணக்கில் மட்டும் கழிந்துபோகும் வரிக்கு ஜோடி ஒன்று வந்திருக்க வேண்டும். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி ஏ.டி.எம்.மில் இப்படி நடந்தால் அன்றைய நாள் போக ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கழிந்த வரிக்கும் திரும்பிய வரிக்கும் ஒரே எண்ணைப் போட்டு இரண்டையும் தீர்த்துவிடலாம். ஜோடி வராத வரி வடிகட்டலில் தானாக நிற்கும்.

இதற்குள் சார் முக்கியமான ஒன்றைக் கேட்டார். "மாசத்துக்கு ஒரு தடவ பாத்தா போதுமில்ல?"

சங்கக் கணக்குக்குப் போதும். பென்ஷன் கணக்குக்குப் போதாது. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. நம் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் யாரோ மூன்றாம் ஆள் மின்னணு வழியில் பணத்தை எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் நமக்கு வந்ததிலிருந்து மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் நம் பொறுப்பு சைபர். நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் நம் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000. ஏழைத் தாண்டினால் அந்தந்த வங்கி வகுத்த கொள்கைப்படி. இந்த நாள்கள் ஓட ஆரம்பிப்பது எஸ்.எம்.எஸ். வந்ததிலிருந்து, நாம் மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைத் திறப்பதற்காக அது காத்திருக்காது. எட்டாம் தேதி போன பணத்தை முப்பதாம் தேதி பிரிண்ட்டில் பார்த்து என்ன செய்வது? கம்ப்யூட்டரில் என்றால் வாரம் இருமுறை, புதிதாக வந்த வரிகளை மட்டும் கீழே ஒட்டி எண் போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. தெரியாத பற்று ஒன்று நின்றால் முதலில் வங்கிக்குப் புகார், புகார் எண்ணை வாங்கி அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். ஏமாற்று என்று தெரிந்தால் 1930-க்கு உடனே போன். வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கோப்புகளை வைப்பதில் பெரிய வித்தை இல்லை. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், கோப்பின் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம். அப்போதுதான் வரிசையாக நிற்கும். வங்கி தந்த மூலம் ஒன்று, நாம் எண் போட்டது ஒன்று. ஒரு நகல் பென் டிரைவில், அது பீரோவில். லேப்டாப் போனாலும் கணக்கு போகாது.

ஆடிட்டர் காகிதம் கேட்பாரே என்ற பயம் சாருக்கு இருந்தது. எங்கள் ஆடிட்டர் எக்செல் கோப்பையே விரும்பிக் கேட்கிறவர். நீதிமன்றம் வரை போகிற விவகாரமென்றால் நாம் ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்ட் எப்படியும் செல்லாது. 1891-ஆம் வருட வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி வங்கியே சான்றளித்துத் தருகிற நகல்தான் வேண்டும். 2000-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது கம்ப்யூட்டர் பதிவுகளுக்கும் அந்தச் சான்றிதழ் முறையை நீட்டினார்கள்.

மூன்று வரியில் ஒன்று தீர்ந்தது, 17.70-ஐ நோட்டில் வங்கிக் கட்டணம் என்று எழுதியாயிற்று. லாரிக்காரர் செக்கை வாங்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து செக்குக்கு மூன்று மாதம்தான் உயிர். சார் அங்கிருந்தே போன் போட்டார். செக் வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிறதாம், திங்கட்கிழமை போடுகிறேன் என்றாராம்.

மிச்சம் அந்த 2,000. விவரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பெயர், பதினாறு வீட்டிலும் அப்படி யாரும் இல்லை. பாக்கி இருக்கிற வீடுகள் இரண்டு. இரண்டுமே வாடகைக்கு விட்டவை. வாடகைதாரரின் மச்சினன் ஜிபேயிலிருந்து போட்டிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் ஓனரின் அப்பா போட்டிருக்கலாம். ஊகத்தில் ஒரு வீட்டின் பெயரில் வரவு வைத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் ரசீது கேட்டு வருவார். அதனால் அனாமத்து என்று எழுதி, பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்துக் குறித்துவைத்தோம். இரண்டு வீட்டுக்கும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு மெசேஜ் போனது. பணம் போட்டவர் போனில் அது இருக்கும்.

இனிமேல் இந்தக் குழப்பம் வராமலிருக்க வீட்டு எண்ணைப் பைசாவில் சேர்த்து அனுப்பச் சொல்லலாம் என்றேன். ஏழாம் எண் வீடு 2,000.07, பதினான்காம் எண் 2,000.14. யூ.பி.ஐ.யில் பைசா போகும். ஸ்டேட்மென்ட்டில் தொகையைப் பார்த்ததுமே வீடு தெரிந்துவிடும்.

"பதினாறு வீட்டுக்கும் மாசம் ஒரு ரூபா முப்பத்தாறு பைசா கூட வரும்" என்றார் சார், மனக்கணக்காகப் போட்டு. "ஜெனரல் பாடில யாராவது கேப்பாங்க, அது எந்த தலைப்புல வரவுன்னு."